வீட்டிலேயே குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஆராதனைப் பாடல்களை இசைத்துப் பதிவு செய்ய என்ன வாங்க வேண்டும்?

கேட்டவரிடம் ஒரு கிட்டார், ஒரு ஃபோன், பாட ஆசைப்படும் ஐந்தாறு பேர் இருக்கிறார்களாம். எந்த மைக் நல்லது என்கிறார். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டுக் குரல்களுக்கு எந்தச் சுருதி ஒத்துவரும் என்று பார்த்துவிட்டீர்களா?

நாங்கள் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இருக்கிறோம். முதல் நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு), யூடியூபில் கேட்ட ஒரு பாட்டை அது இருந்த டி ஸ்கேலிலேயே பழகினோம். அதைப் பாடியவர் ஆண். அதே ஸ்கேலில் பெண்கள் பாடினால் ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டும். அம்மா பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து உட்காருவார். சரணத்தில் மெட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் குரல் அப்படியே நின்றுவிடும். மூன்றாம் நாள், "எனக்கு இது சரிவராது, நீங்களே பாடுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நாங்களும் அம்மாவுக்குப் பாட வராது போல என்று நினைத்துக்கொண்டோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தோம்.

சபையில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன்தான் ஒருநாள் வந்து, "அம்மா எந்த இடத்தில் நிற்கிறாங்களோ அதைப் பிடிச்சுப் பாரு" என்றார். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை எடுத்து, அம்மா கஷ்டப்படாமல் அதைத் தொடும் வரை கட்டை கட்டையாக இறக்கினோம். ஏ ஸ்கேலில் வந்து நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் கீழ் ஸ்தாயியில் முணுமுணுக்க வேண்டியதாயிற்று. அது பரவாயில்லை, அடியில் ஒரு ரீங்காரம் மாதிரி நன்றாகவே இருந்தது. தம்பிக்கு ஜி ஸ்கேல் கோர்டுகள்தான் கைவரும். கிட்டாரின் இரண்டாவது கட்டத்தில் கேப்போ (கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் அதே விரல்கள் ஏ ஸ்கேலில் பேசும். அந்த வருஷம் முன்குரல் அம்மாதான்.

பழைய ஆர்மோனியப் பெட்டி இருந்தால், கிட்டாரை ஃபோன் டியூனரை வைத்துச் சுருதி சேர்க்காதீர்கள். பெட்டியின் ரீடுகள் வருஷக்கணக்கில் சற்றே விலகியிருக்கும். அதை வீட்டில் திருத்த முடியாது, கிட்டார் கம்பியைத் திருகலாம். ஆகவே பெட்டி சொல்வதுதான் சுருதி. ஈரத்தில் அதன் கட்டைகள் வீங்கி இறுகிக்கொள்ளும், சிமெந்துத் தரையில் மட்டும் வைக்க வேண்டாம்.

எந்தப் பாட்டு என்பதையும் பார்க்க வேண்டும். சபையின் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள பாட்டுகள் பெரும்பாலும் மேல்நாட்டு மெட்டுகள். கோர்டு போட்டால் தானாக உட்காரும், நான்கு குரலாகவும் பிரிக்கலாம். கீர்த்தனைகள் வேறு வகை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகத்தில் பாடி வைத்தவை. மாயாமாளவகௌளை மாதிரி ஒரு ராகத்துக்கு வரிக்கு நாலு கோர்டு அடித்தால் பாட்டு மூச்சு முட்டிப்போகும். சா, பா இரண்டை மட்டும் பெட்டியில் பிடித்துக்கொண்டு பாடிப் பாருங்கள், எவ்வளவோ மேல். புதுப் பாட்டுகளை இணையத்தில் போடுவதாக இருந்தால் எழுதியவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

தாளத்துக்கு எங்களிடம் இருந்தது தாய்மாமாவின் தப்பு என்ற தோல் மேளம். அதில்தான் பெரிய சண்டை. "சாவு வீட்டில் அடிக்கிறதை ஜெபத்தில் அடிக்கிறதா?" என்று பெரியம்மா எழுந்து போய்விட்டார். திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் அடிக்கிற அதே தப்புதான், ஆனால் அவர் காதில் விழுந்தது சாவு மட்டும். தப்பு அடிக்கிறவர்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதும் அந்தக் கோபத்துக்குள் இருக்கிறது; அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமா வாதாடவில்லை. தோலை நெருப்பில் காட்டி, மழைக்காலத்தில் தொய்ந்துபோகும் என்பதால் இரண்டு தடவை காட்டி, இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து கரோல் மெட்டுக்கு விரலால் மட்டும் தட்டினார். பெரியம்மா இன்றும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போவதில்லை.

சரி, பதிவு. ஃபோனே போதும். எங்கள் கூரை தகரம்; மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் கூரைக்குக் கீழே பேசுவதே கேட்காது. அதனால் அந்த மாதங்களில் பழகுவதோடு சரி, மழை ஓயும் நாளில்தான் பதிவு. சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பாடுகிறவர்களுக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். கிட்டார் அதற்குப் பின்னால், தப்பு வாசலுக்கு வெளியே. தப்பு பக்கத்தில் இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஃபோன் தானாகச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், குரல் அமுங்கி அமுங்கி வரும். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் குடும்பம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுவிட்டு ஆரம்பிப்போம்.

தூரத்தில் இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது? அக்கா கட்டாரில் இருக்கிறார். வீடியோ கோலில் சேர்ந்து பாடிப் பார்த்தோம். சத்தம் போய்வரத் தாமதமாவதால் அவர் எப்போதும் அரைத் தாளம் பின்னாலேயே வந்தார். அது நடக்காது, முயல வேண்டாம். ஆர்மோனியத்தையும் அம்மா குரலையும் மட்டும் பதிந்து, தொடக்கத்தில் நாலு தடவை கைதட்டி, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினோம். வொய்ஸ் மெசேஜாக அனுப்பினால் தரம் போய்விடும். அவர் இயர்போனில் கேட்டபடி, அந்த நாலு கைதட்டலுக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு, துணி அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பாடி அனுப்பினார். ஓடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் கைதட்டலோடு கைதட்டலைப் பொருத்தினால் குரல்கள் சேர்ந்துவிடும். ஓடாசிட்டி இலவசம். கணினி இல்லாதவர்கள் ஃபோனில் பேண்ட்லேப் செயலியில் செய்யலாம்.

காசு செலவழித்தே தீருவேன் என்றால் முதலில் ஒரு கேப்போ வாங்குங்கள். அதுவும் இல்லாவிட்டால் கம்பிகளுக்கு மேலே ஒரு பென்சிலை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றுங்கள். எங்கள் கேப்போவை யாரோ கரோல் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு நத்தாராகப் பென்சில்தான்.