கறுத்த கைக்கு ரோஸ் கலரா?

கேள்வி: அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். எனக்கு எடுத்த புடவை வெளிர் ரோஸ். அதே நிறத்தில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் 7 ரிங்கிட்டுக்கு ஒரு கியூட்டெக்ஸ் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். கோடு கோடாக, அரைகுறையாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. "கறுத்த கைக்கு ரோஸ் கலர் எதுக்குடி?" என்று அத்தை எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். என் நிறத்துக்கு இது எடுபடாதா? வீட்டில் கெட்டியாகிப்போன இன்னொரு குப்பி கிடக்கிறது. அதில் ரிமூவர் ஊற்றலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் பூசியது நகத்தில், அத்தை பார்த்தது கையை. ரிமூவரால் துடைத்துவிட்டு வெறும் நகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கை எவ்வளவு கறுப்பானாலும் நகத்துக்கு அடியில் தெரியும் சதை ரோஸ்தான். அத்தைக்கும் அப்படித்தான். நேரம் பார்த்துக் காட்டுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். பால்மரம் வெட்டிய தலைமுறையாக இருந்தால் அவர் நகத்தில் ஒட்டியிருந்தது ரப்பர் பால்தான். அந்தச் சிரிப்பு முழுக்கக் கேலிதானா என்பது எனக்குச் சந்தேகம்.

குறை உங்கள் கையில் இல்லை, குப்பியில் இருக்கிறது. கொஞ்சம் பூசிய விதத்திலும். வெளிர் ரோஸ் என்பது சிட்டிகைச் சிவப்பும் நிறைய வெள்ளையும். அந்த வெள்ளை டைட்டானியம் டையாக்சைடு, சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டிலும் இருப்பது அதுவே. வெள்ளை மிஞ்சிய ரோஸ் மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்துத் தனியாகத் தெரியும். பழுப்போ பீச் நிறமோ லேசாகக் கலந்த ரோஸ், அல்லது நகம் உள்ளே தெரிகிற மெல்லிய ரோஸ் வாங்குங்கள், ஒட்டிப்போகும். கடையில் குப்பியைப் பார்த்து ஏமாறாதீர்கள். தோழியிடம் இருக்கிற குப்பியில் ஒரு சொட்டு வாங்கி, கண்ணாடி டேப்பில் இரண்டு பூச்சு பூசிக் காயவிட்டு, வெட்டி நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ட்யூப் லைட்டில் அல்ல.

இனி பூசும் முறை. மரூன் பல தப்புகளை மூடிவிடும். வெளிர் நிறம் ஒன்றையும் மூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எண்ணெய் இருந்தால் பிடிக்காது. ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் துடைத்துவிட்டு, நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்று போடுங்கள். பிறகு பிரஷ்ஷின் ஒரு பக்கத்தைக் குப்பி வாயில் வழித்துவிட்டு, நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. அதோடு கையை எடுத்துவிட வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைச் சரிசெய்யப் போய் மேலும் மேலும் தேய்ப்பதில்தான் கோடு விழுகிறது. மூன்று நிமிடம் விட்டு இரண்டாவது, தேவையென்றால் மூன்றாவது. எல்லாமே மெல்லியதாக. தடிமனாக ஒரே பூச்சு போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். இரவு படுத்தால் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகிவிடும்.

சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழைக்குப் பிறகு விசிறிக்கு நேரே கையை நீட்டிக் காயவைத்தீர்களா? சுண்ணாம்பு தோற்றத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தப் பூச்சு, காய்ந்ததும் படலமாக நிற்கும் நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற திரவங்களில் கரைத்தது. அவை வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேல்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து வெண்மை படர்கிறது. மழையில்லாத முற்பகலில், விசிறியை அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள். சாமி விளக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குப்பியும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கல்யாண வீட்டில் வெளிர் ரோஸுக்கு எமன் மஞ்சள். நலங்கு வைக்கிற அன்று நகப்பூச்சு இருந்தால் ஓரமெல்லாம் ஆரஞ்சுத் திட்டு விழும். சாம்பார் சோற்றைப் பிசைந்தாலும் அதே கதை. மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று போட்டால் ஓரளவு தாங்கும். மருதாணி இதைவிடப் பிடிவாதம்: நகத்தில் ஏறினால் அழியாது, வளர்ந்து வெட்டினால்தான் போகும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய ரோஸுக்கு அடியில் அந்தச் சிவப்பு அப்படியே தெரியும். ஆகவே மருதாணி வைக்கும் முன் நகங்களுக்கு மட்டும் நிறமில்லாத பூச்சு போட்டுவிடுங்கள், பிறகு துடைத்துவிடலாம். மருதாணி, நலங்கு, அதன் பிறகு ரோஸ் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் காலையில் என்றால் முதல் நாள் மாலைக்குள் பூசி முடித்திருக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்குக் குப்பியைத் திறக்காதீர்கள்.

பசார் மாலாம் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள்கள் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், 'என்ஓடி' (NOT) என்று தொடங்கும் எண்ணோடு. பொருளின் பெயரைப் போட்டு இணையத்தில் அந்தப் பிரிவின் பட்டியலில் தேடலாம். தயாரிப்பாளர் பெயரே இல்லாத குப்பி என்றால் தேடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

கெட்டியான குப்பியில் ரிமூவர் ஊற்றாதீர்கள். சற்று நேரம் இளகின மாதிரி இருக்கும், பிறகு பூச்சு பளபளப்பு இழந்து உரிந்து வரும். நகப்பூச்சுக்கென்றே விற்கும் தின்னர் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறி நகத்தில் பொட்டுப் பொட்டாக நிற்கும். அப்படியும் நூல் நூலாக இழுத்தால் குப்பையில் போடுங்கள்.