காசு கொடுத்துப் போகும் வேட்டை – கடிதம்

வணக்கம் சார்,

டல்லஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், எச்-1பி விசா. அலுவலக நண்பர் ஒருவரின் ரைஃபிளை இரவல் வாங்கி ரேஞ்சில் சுட்டுப் பழகி வருகிறேன். ஒருமுறையாவது எல்க் என்கிற அந்தப் பெரிய மானை வேட்டையாடப் போகவேண்டும் என்று ஆசை. தனியாகப் போக அனுபவம் இல்லாததால், காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்குக் கூட்டிப்போகும் அவுட்ஃபிட்டர்களிடம் விசாரித்தேன். வயோமிங்கில் ஒருவர், குதிரையில் காட்டுக்குள் போய் ஏழு நாள் தங்கும் கேம்ப்புக்கு 8,500 டாலர் கேட்கிறார், ஆனால் விலங்கு கிடைக்கும் என்று உத்தரவாதம் தரமுடியாது என்கிறார். இங்கே டெக்சாஸில் ஒரு பண்ணையில் உத்தரவாதம் தருகிறார்கள், கிடைக்காவிட்டால் பணம் வேண்டாமாம். அவ்வளவு பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது ஏமாந்ததாகாதா? இன்னொரு நண்பர், வேறொருவன் கண்டுபிடித்துக் கொடுக்கும் விலங்கைச் சுடுவது வேட்டையே இல்லை என்கிறார். நீங்கள் இப்படிப் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

வெ., டல்லஸ்

அன்புள்ள வெ.,

வேட்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ரைஃபிளைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்த வரி அதுதான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி, எஃப்-1 போல நிரந்தரக் குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது. அடுத்தவருடைய துப்பாக்கியாக இருந்தாலும் அப்படித்தான். இதற்குச் சில விலக்குகள் உண்டு, அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருக்கவேண்டும். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். ஆகவே அடுத்த முறை ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே டெக்சாஸ் லைசென்ஸை எடுத்துவிடுங்கள், எப்போதும் கையோடு வைத்திருங்கள், உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் இதை ஒருமுறை கேட்டும் விடுங்கள். கூடவே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பையும் முடித்துவிடலாம். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம், வயோமிங்கில் 1966-இலிருந்து பிறந்தவர்களுக்கு. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்ளும்.

சரி, இப்போது பண்ணை.

டெக்சாஸில் எல்க்குக்கு டேக்கும் (ஒரு விலங்கைச் சுட மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு) கிடையாது, சீசனும் கிடையாது. சட்டப்படி அது வெளியிலிருந்து வந்த கால்நடை வகை, நில உரிமையாளரின் சொத்து. உயரமான வேலிக்குள் எத்தனை விலங்கு இருக்கிறது, எது எங்கே தீவனம் தின்ன வரும் என்று பண்ணைக்காரருக்குத் தெரியும், அதனால்தான் அவரால் உத்தரவாதம் தர முடிகிறது. சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் தப்பித்துப் போக வழியில்லாத விலங்கைப் பணம் கட்டிச் சுடுவதை நான் வேட்டை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். நான் மட்டும் இல்லை, தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர்கள் கிளப்பும் இதைத்தான் சொல்கிறது. மொன்டானாவில் 2000-ஆம் ஆண்டு மக்கள் ஓட்டுப் போட்டே வேலிக்குள் காசுக்குச் சுடுவதைத் தடைசெய்தார்கள், அதுவும் வேட்டைக்காரர்கள் நிறைந்த மாநிலம். உங்கள் முதல் வேட்டையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியென்றால் வயோமிங்கில் 8,500 டாலருக்கு எதை வாங்குகிறீர்கள்? விலங்கை இல்லை. எல்க் அந்த அவுட்ஃபிட்டருடையதும் இல்லை, அது மாநிலத்தினுடையது. லைசென்ஸும் அவர் கையில் இல்லை. வெளிமாநிலத்தவருக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் வந்தால்தான் உண்டு, 2024-இல் சாதாரண எல்க் லைசென்ஸ் 692 டாலர், ஸ்பெஷல் என்கிற வகை 1,950. (நியூ மெக்சிகோவில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே குலுக்கல் டேக்குகளில் 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது, அவுட்ஃபிட்டர் இல்லாத வெளிமாநிலத்தவருக்கு 6 சதவீதம்தான்.) லைசென்ஸ் கட்டணம் அந்த 8,500-இல் அடங்காது, பெரும்பாலும் வரியும் டிப்ஸும் தனி. கைடுக்கு வேட்டைக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம், சமையல்காரரையும் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரையும் மறக்கக்கூடாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் வாங்குவது ஒரு மனிதரின் வருடக்கணக்கான அறிவையும் ஏழு நாள் உடலுழைப்பையும். அது எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். கைடு காலையில் எழுந்ததும் பார்ப்பது காற்றை. சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டி, அதில் பவுடர், அழுத்தினால் புகைபோல வெளியே வரும், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். மலையில் விடிகாலை குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறி மண் சூடானதும் மேலே ஏறத் தொடங்கும். எல்க் கண்ணுக்கும் காதுக்கும் தப்பினாலும் தப்பலாம், மூக்குக்குத் தப்பமுடியாது. காற்று திரும்பும் அந்த அரைமணி நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது, எங்கே உட்கார்ந்து காத்திருப்பது என்பது அந்த ஒரு பள்ளத்தாக்கில் பல சீசன் அலைந்தவருக்குத்தான் தெரியும். புத்தகம் படித்து வருகிற அறிவு இல்லை அது.

வயோமிங்கில் ஒரு மாலை என் முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். கேம்ப்பில் இருந்த இன்னொருவர் ஏறக்குறைய 250 கஜத்தில் ஒரு ஆண் எல்க்கைச் சுட்டார், அது தள்ளாடக்கூட இல்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது. அவர் உடனே எழுந்து ஓடப் பார்த்தார். கைடு அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார், அரைமணி நேரம் யாரும் அசையக்கூடாது என்றார். அடிபட்ட விலங்கைத் துரத்தினால் அது மைல்கணக்கில் போய்விடும், விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். அப்புறம் போய், இரத்தம் சிந்தியிருக்கிறதா என்று புல்லைத் தாள் தாளாக விலக்கிப் பார்த்தார். இரத்தம் இளஞ்சிவப்பாக, குமிழ் குமிழாக இருந்தால் குண்டு பட்டது நுரையீரலில். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், இன்னும் சில மணி நேரம் பொறுக்கவேண்டும். பச்சையாகக் கலங்கி நாற்றமடித்தால் குடல், அப்போது இன்னும் அதிக நேரம். அன்றைக்குக் குமிழ் இருந்தது. நூறு கஜத்துக்குள் கிடைத்துவிட்டது. அந்த மனிதர் தனியாக வந்திருந்தால் அந்த விலங்கு வீணாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய பணம் முழுக்க அந்த அரைமணி நேரத்தில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கைடு செய்யமுடியாத ஒன்று இருக்கிறது. டேக் உங்கள் பெயரில் இருக்கிறது, சுடவேண்டியவர் நீங்கள்தான், சுடாமல் விடவேண்டியவரும் நீங்கள்தான். கைடு “சுடுங்கள்” என்று சொன்னாலும் உங்கள் கை நடுங்கினால், தூரம் உங்கள் பழக்கத்துக்கு மேல் இருந்தால், “வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது. பணம் கட்டியவர்களுக்கு இங்கேதான் சோதனை. ஆறு நாள் ஒன்றும் கிடைக்காமல் ஏழாம் நாள் மாலை நானூறு கஜத்தில் ஒன்று நிற்கும்போது, 8,500 டாலர் விரலை அழுத்தச் சொல்லும். அந்த எண்ணத்தோடு போகிறவர்கள் போகாமலிருப்பதே நல்லது. வெறுங்கையோடு திரும்புவது ஏமாற்றமாக இருக்கலாம், ஏமாந்ததாக ஆகாது. பொது நிலத்தில் கைடு இல்லாமல் எல்க் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் திரும்புகிறார்கள்.

ஏமாறுவது வேறு இடங்களில் நடக்கும், அதனால் பணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள். முதலில் அவுட்ஃபிட்டரின் லைசென்ஸ். வயோமிங், மொன்டானா, ஐடஹோ மூன்றிலும் அவுட்ஃபிட்டர்களுக்கென்று மாநில வாரியம் உண்டு, அங்கே பெயரைச் சரிபார்க்கலாம். தேசியக் காட்டுக்குள் கேம்ப் போடுகிறவரிடம் வனத்துறையின் அனுமதியும் இருக்கவேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம், சட்டவிரோதமாக எடுத்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது கூட்டாட்சிக் குற்றம், விசாவில் இருப்பவருக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்புறம், ஒரு கைடுக்கு எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் உங்கள் பொழுதில் பாதி மற்றவருடையது. ஏழு நாள் என்பதில் உள்ளே போகும் நாளும் வெளியே வரும் நாளும் சேர்த்தியா? டேக் குலுக்கலில் வராவிட்டால் முன்பணம் என்ன ஆகும்? காயப்படுத்தித் தொலைத்துவிட்டால் வேட்டை முடிந்ததாகக் கணக்கா? பல நல்ல கேம்ப்புகளில் இரத்தம் பார்த்தால் உங்கள் டேக் முடிந்தது என்பதுதான் விதி, அப்படிச் சொல்கிறவரை நான் கூடுதலாக நம்புவேன். போனவர்களின் தொலைபேசி எண்களைக் கேளுங்கள், ஆனால் பெரிய கொம்போடு திரும்பியவர்களின் எண்ணை எல்லோருமே தருவார்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய இரண்டு பேரின் எண் வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் மறுபடியும் அதே ஆளிடம் போகத் தயாராக இருந்தால் நீங்களும் தாராளமாகப் போகலாம்.

ஒரு விஷயம், நீங்கள் கைடு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வயோமிங்கில் எல்லா இடத்துக்கும் போகமுடியாது. அங்கே கூட்டாட்சி அரசு ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்த காடுகளில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட, லைசென்ஸ் உள்ள கைடோ அதற்கான அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ கூட இருந்தே ஆகவேண்டும். அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடு மூன்றுக்கும் இதேபோல விதி உண்டு.

உடம்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. டல்லஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 430 அடி, உங்கள் கேம்ப் எட்டாயிரம் ஒன்பதாயிரம் அடியில் இருக்கும். இரண்டு நாள் முன்னதாகப் போய் அந்த உயரத்துக்கு அருகில் தங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். நான்கு மணி நேரம் குதிரைமேல் உட்கார்ந்து இறங்கினால் முழங்கால் நிற்காது, போவதற்கு முன் சில நாளாவது சேணத்தில் உட்கார்ந்து பழகுங்கள். அதைவிட முக்கியம், ரேஞ்சில் மேஜைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை நிறுத்துங்கள். மலையில் மேஜை கிடையாது. உட்கார்ந்து, முழந்தாளிட்டு, முதுகுப்பையின்மேல் வைத்து, ஓடிவந்து மூச்சு வாங்கும்போது சுட்டுப் பாருங்கள். அப்போது எத்தனை கஜம் வரை தப்பாமல் படுகிறதோ அதுதான் உங்கள் தூரம். அதை முதல் நாளே கைடிடம் சொல்லிவிடுங்கள். கைடுகளிடம் பேசிப் பார்த்தால் அவர்களுக்கு இருக்கும் மனக்குறை எப்போதும் இதுதான், வருகிறவர்களால் நடக்கமுடியவில்லை, சொன்ன தூரத்தில் சுடமுடியவில்லை.

கிடைத்துவிட்டால் வேலை அப்போதுதான் தொடங்கும். ஒரு பெரிய ஆண் எல்க் 300 கிலோ இருக்கும், அதில் எலும்பு நீக்கிய கறியே 100 கிலோவுக்கு அருகில். தோலை உடனே உரித்துச் சூட்டை வெளியேற்றாவிட்டால் கெட்டுவிடும். கோவேறு கழுதையின் இரண்டு பக்கப் பைகளிலும் எடை சமமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சேணம் சரிந்து அதன் முதுகு புண்ணாகிவிடும். நீங்களும் கத்தியை எடுத்துக் கூடச் சேருங்கள். வடமேற்கு வயோமிங் என்றால் கிரிஸ்லி கரடிகள் உண்டு, இரத்த வாடைக்கு வரும், ஆகவே எல்லாம் வேகமாக நடக்கவேண்டும். இன்னொன்று, மான் இனத்துக்கு வந்து மூளையைத் தாக்கும் சிடபிள்யுடி என்ற நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் தெரியவந்தது, இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதனால் மூளையோ முதுகுத்தண்டோ ஒட்டியிருக்கும் எதையும் டெக்சாஸுக்குள் கொண்டுவராதீர்கள். கறியை அங்கேயே எலும்பு நீக்கிப் பொதிந்து எடுத்துவாருங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். தெரிந்தவரைப் பின்தொடர்ந்து கற்றுக்கொள்வதில் என்ன குறை? அப்பாவோ தாத்தாவோ கூட்டிப்போய்ச் சொல்லித்தர வாய்ப்பில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு கைடுதான் அந்த இடத்தில் இருக்கிறார். விலங்குக்குத் தப்பிக்க வழி இருக்கிறது, பத்தில் பல தடவை தப்பிக்கவும் செய்கிறது, அது எனக்குப் போதும். நீங்கள் கட்டும் லைசென்ஸ் பணமும், ரைஃபிள் தோட்டாக்கள்மேல் 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி வசூலாகும் 11 சதவீத வரியும் காட்டுவிலங்குகளைக் காக்கவே மாநிலங்களுக்குப் போகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்த எல்க் இன்று ஏறக்குறைய பத்து லட்சம் ஆகியிருப்பதில் அந்தப் பணத்துக்குப் பங்குண்டு.

என் யோசனை, இந்த வருடம் 8,500 வேண்டாம். பெண் எல்க் வேட்டைக்கோ, மான் போன்ற பிராங்ஹார்ன் வேட்டைக்கோ கூட்டிப்போகும் அவுட்ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், செலவு பாதிக்கும் கீழே, சுடும் வாய்ப்பு அதிகம், நாளும் குறைவு. அதில் ஒரு விலங்கை முழுதாக உரித்துச் சுமந்து பாருங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மலைக்குப் போகலாம். அதற்கு முதலில் லைசென்ஸ் எடுங்கள், கோடையில் முதுகுப்பைமேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள், எத்தனை கஜம் வரை வருகிறது என்று எழுதுங்கள், எந்த மாநிலம் சரியாக இருக்கும் என்று அப்போது பேசுவோம்.