கேள்வி நேரம்: செம்பூர் ரயிலில் ஒரு குட்டி ஹோம்ஸ்

கேள்வி: சார், எட்டாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளில் மூழ்கிக் கிடக்கிறான். ரயிலில் ஏறினால் போதும், எதிரே இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்று என் காதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். நேற்று ஒருவருடைய சட்டைக் கையில் வெள்ளைப் பொடி இருந்ததாம், உடனே "பேக்கரிக்காரர்" என்றான். இது பழகினால் வருகிற கலைதானா?
(ஒரு வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: கண்டிப்பாக வரும். ஹோம்ஸுக்கு முன்மாதிரியே ஒரு நிஜ மனிதர்தான்: ஜோசப் பெல், எடின்பரோவில், ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாய்லுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். ஒருமுறை தன்னிடம் வந்த நோயாளியைப் பார்த்ததுமே, நீங்கள் ராணுவத்திலிருந்து சமீபத்தில் விலகியவர், பார்படாஸில் இருந்தவர் என்று சொல்லிவிட்டார். எப்படி? மனிதர் மரியாதைக்காரர், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை, ராணுவத்தில் கழற்றும் வழக்கம் கிடையாது, விலகி நாளாகியிருந்தால் ஊர்ப் பழக்கம் ஒட்டியிருக்கும். அவருக்கு வந்திருந்ததோ யானைக்கால் நோய், அது பிரிட்டனில் வருவதில்லை, பார்படாஸ் இருக்கும் மேற்கிந்தியத் தீவுகளில் உண்டு.

தொப்பியை அங்கிருந்த மாணவர்கள் எல்லோரும்தான் பார்த்தார்கள். ராணுவ வழக்கமும் எந்த ஊரில் எந்த நோய் என்பதும் பெல்லுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பையன் நிறையத் தெரிந்துகொள்ளட்டும், எந்தத் தொழிலில் கை எங்கே காய்த்துப்போகும், எந்த வேலையில் துணியில் என்ன ஒட்டும் என்பதையெல்லாம்.

அப்புறம் அந்த வெள்ளைப் பொடி. மைதாவாக இருக்கலாம், வாத்தியாரின் சாக்பீஸாக இருக்கலாம், கேரம் ஆடிவிட்டு வந்தவரின் பவுடராகவும் இருக்கலாம். பேக்கரி என்பது நல்ல யூகமே, ஆனால் முதலில் தோன்றியதோடு நின்றுவிட்டான். மைதா என்றால் வேறு எங்கெல்லாம் ஒட்டியிருக்க வேண்டும், செருப்பில், நகக்கண்ணில், அங்கே ஏன் இல்லை என்று தன் யூகத்தைத் தானே உடைத்துப் பார்க்கப் பழக்குங்கள். ரயிலில் வேண்டாம், உற்றுப் பார்த்தால் எதிரே இருப்பவருக்குச் சங்கடம், சரிதானா என்று கேட்கவும் முடியாது. கல்யாணிலிருந்து வரும் மாமாவிடம் ஆரம்பிக்கட்டும்: எப்படி வந்தார், வழியில் என்ன சாப்பிட்டார் என்று எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் அவரிடமே கேட்கட்டும்.

கேள்வி: ஹோம்ஸைப் படைத்த டாய்ல் நிஜ வழக்கில் துப்புத் துலக்கியிருக்கிறாரா?
(ஒரு வாசகர், மாட்டுங்கா)

பதில்: துலக்கியிருக்கிறார், அதில் நம்ம பம்பாய்க்கும் தொடர்பு உண்டு. ஜார்ஜ் எடால்ஜி என்ற வழக்கறிஞரின் அப்பா பம்பாய் பார்சி, இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்தவர். இரவில் ஒரு மட்டக்குதிரையைக் கிழித்துவிட்டார் என்று 1903இல் ஜார்ஜுக்கு 7 ஆண்டு சிறை. 3 ஆண்டில் வெளியே விட்டார்கள், குற்றவாளி என்ற பெயர் போகவில்லை. 1907இல் அவரைச் சந்திக்க ஒரு ஹோட்டலுக்குப் போன டாய்ல், அவர் பேப்பரை முகத்தருகே, சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதைத் தூரத்திலேயே கவனித்துவிட்டார். இந்தக் கண்ணோடு இருட்டில் ரயில் பாதையும் வயலும் தாண்டி ஒருவர் போயிருக்க முடியுமா? அதோடு விடாமல் கண் மருத்துவரிடம் அனுப்பிச் சோதிக்கவும் செய்தார்: கிட்டப்பார்வை, மைனஸ் 8. எல்லாவற்றையும் பத்திரிகையில் விரிவாக எழுதினார். அந்த ஆண்டே ஜார்ஜுக்கு அரசின் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் சிறையில் போன 3 ஆண்டுக்கு இழப்பீடாக ஒரு பென்னி கூடத் தரவில்லை.