பெர்கன் நகரத்தை ஒன்றரை நாளில் பார்த்துவிட முடியுமா?

தாராளமாக முடியும். நார்வேயின் இரண்டாவது பெரிய நகரம்தான், ஆனால் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி துறைமுகத்தைச் சுற்றி நடந்து போகிற தூரத்திலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து டாக்சி வேண்டாம். டிராமில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஊருக்குள் இறங்கிவிடலாம்.

முதலில் பிரிகன். படகுத்துறையை ஒட்டி வரிசையாக நிற்கிற மரவீடுகளைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சந்துகளுக்குள் நுழையுங்கள். கீழே பலகைத் தளம், மேலே இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் மாடிகள், ஒரு சுவர்கூட நேராக இருக்காது. கருவாட்டு வியாபாரம் செய்த ஜெர்மன் வணிகர்களின் கிடங்குகள் இவை. 1702 தீ விபத்தில் எரிந்து, பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியது. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தீக்குப் பயந்து கிடங்குகளில் அடுப்பே மூட்டக் கூடாது என்று வைத்திருந்தார்களாம், அந்தக் குளிரில்! சமைக்கவும் குளிர்காயவும் பின்பக்கம் தனிக் கட்டடம்.

அப்புறம் ஃப்ளோயன் மலை. 320 மீட்டர் உயரம், இழுவை ரயிலில் சில நிமிடம். இதற்கு மட்டும் நேரம் குறித்து வைக்காதீர்கள், மேகம் எப்போது விலகுகிறதோ அப்போது ஓடுங்கள். ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர் என்பதால் குடையைவிட மழைக்கோட்டுதான் உதவும். இறங்கும்போது நடந்தே வரலாம்.

மீன் சந்தையில் ஒரு கிண்ணம் மீன் சூப் போதும், விலை கொஞ்சம் கடிக்கும். ஜூனில் போனால் இரவு 11 மணி வரை வெளிச்சம் இருக்கும், சரியா?