பில்செனில் ஒரு பன்னிரண்டு: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். செக் நாட்டுக்கு, அதுவும் பில்சென் நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் பப்புக்குக் கூப்பிடுகிறார்கள். ஊரில் ஐஸ் போலக் குளிரவைத்த ஸ்ட்ராங் பீரை ஓரிரு முறை குடித்ததோடு சரி. இங்கே கொடுத்தது கசந்தது, அதிலும் மேலே மூன்று விரல் நுரை. "காசு கொடுத்து நுரையா வாங்குவது? எல்லோரும் ரசித்துக் குடிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. குடிக்க விருப்பமில்லை என்றால் குடிக்காமலே போய் உட்காரலாம். கொஃபோலா என்று இந்த ஊர் கோலா ஒன்று உண்டு, பல பப்புகளில் அதையும் குழாயில் பிடித்துத் தருவார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கார் எடுத்துப் போனால் தொடவே கூடாது, இங்கே ஓட்டுநருக்கு அனுமதி பூஜ்யம்தான். ஆனால் நீங்கள் ருசியைக் கேட்டிருக்கிறீர்கள். 14 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

நுரையிலிருந்து தொடங்குகிறேன். வந்த முதல் வருடம் நானும் கிளாஸைத் திருப்பி நீட்டி, விளிம்பு வரை நிரப்பச் சொன்னேன். குழாயருகே நின்ற பெரியவர் கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இன்னொரு கிளாஸ் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்க்கச் சொன்னார். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் உள்ளும் புறமும் அலசினார். ஈரத்தோடே சாய்த்து, குழாயின் மூக்கைக் கண்ணாடியின் உட்சுவரில் படும்படி வைத்தார். முதலில் வந்தது வெறும் நுரை, ஈரமாக, தயிர் கடையும்போது பொங்குவதைப் போல. பிறகு மூக்கு நுரைக்குள் முழுகியிருக்கும்படியே பீரை விட்டார். நுரை மேலே ஏற, அதன் அடியில் பொன்னிறம் ஏறியது. கடைசியில் பார்த்தால் நுரை விளிம்புக்கு மேல் குவிந்து நின்றது, ஆனால் வழியவில்லை.

அந்த நுரைதான் மூடி. கீழே இருக்கும் பீர் காற்றுப் படாமல், வாசம் போகாமல் இருப்பது அதனால்தான். ஊற்றும்போதே வாயுவில் ஒரு பங்கு நுரையாக வெளியேறிவிடுவதால் வயிறும் உப்பாது. மூன்று விரல் நுரையோடு வரும் இந்த ஊற்றுக்கு ஹ்லாடிங்கா என்று பெயர், எதுவும் சொல்லாமல் கேட்டால் இதுதான் வரும். ஷ்னிட் என்றால் நுரை பாதிக்கு மேல். ம்லீகோ என்றால் பால் என்று பொருள், கிளாஸ் முழுக்க நுரைதான், அது அமுங்குவதற்குள் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், இனிக்கும். மூன்றும் ஒரே குழாயில், ஒரே பீப்பாயிலிருந்து வருபவை. டிகாக்ஷனும் பாலும் ஒன்றாகவே இருந்தாலும் காபி ஆற்றுகிற கைக்குத் தகுந்து ருசி மாறுவது நமக்குத் தெரியாததா?

அடுத்தது எண். பலகையில் 10, 11, 12 என்று எழுதியிருப்பது ஆல்கஹால் சதவீதம் இல்லை, பலர் பயந்துபோகிறார்கள். புளிக்கவைப்பதற்கு முன், மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, கரைந்து வந்த சத்து அந்தச் சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதுதான் அது. பன்னிரண்டில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம், பத்தில் 4 சதவீதம். வேலை முடிந்து பேசிக்கொண்டே குடிக்கப் பத்து. உட்கார்ந்து ருசி பார்க்கப் பன்னிரண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உலகம் முழுக்க இந்த வகைக்கு பில்ஸ்னர் என்று பெயர், ஆனால் இந்த நாட்டில் அந்தப் பெயர் நம் ஊர்ப் பெரிய ஆலையின் பில்ஸ்னர் ஊர்க்வெல் ஒன்றுக்குத்தான். மற்ற ஆலைகளின் பீரை வெளிர் லெஜாக் என்பார்கள். லெஜாக் என்றால் படுத்திருந்தது, நிலவறையில் வாரக்கணக்கில் குளிரில் படுத்து முதிர்ந்தது.

இந்த ருசி ஏன் இங்கே பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டு குடித்தால் நாக்கு வேறு மாதிரி கவனிக்கும். 1838-இல் இந்த ஊர் பீர் அவ்வளவு மோசமாக இருந்ததால் 36 பீப்பாயை நகர்மன்றத்துக்கு முன்னாலேயே கவிழ்த்துக் கொட்டினார்கள். பிறகு ஊர்க்காரர்களே சேர்ந்து புதிய ஆலை, இன்றைய பில்ஸ்னர் ஊர்க்வெல் ஆலை, கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்ற 29 வயது வடிப்பாளரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5-ஆம் தேதி அவர் முதல் கொதி போட்டார். அதுவரை இங்கே பீர் என்றால் கருமையும் கலங்கலும்தான். அவர் கையில் இருந்தது புகை படாமல் உலர்த்திய வெளிர் மால்ட், பக்கத்திலேயே விளைந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் கொடிப்பூ), அதோடு இந்த ஊர்த் தண்ணீர். ஆலைக் கிணற்றுத் தண்ணீர் மிக மென்மையானது, உப்புகள் குறைவு. உப்புகள் அதிகம் உள்ள தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு முரடாகத் தெரியும், மென்மையான தண்ணீரில் நிறையப் போட்டாலும் வட்டமாக வரும்.

மால்ட் சாறு எடுக்கிற முறைக்கும் டிகாக்ஷன் என்றே பெயர். ஊறிக்கொண்டிருக்கும் மாவுக்கூழில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்து, மறுபடி பெரிய பாத்திரத்தில் சேர்ப்பார்கள். மொத்தக் கூழின் சூடும் ஒரு படி ஏறும். பில்ஸ்னர் ஊர்க்வெல்லில் இதை மூன்று முறை செய்கிறார்கள், பெரும்பாலான சிறு ஆலைகளில் இரண்டு முறை. நேரமும் விறகும் தின்கிற வேலைதான். ஆனால் ரொட்டியின் மேல்தோல் போன்ற அந்த வாசமும், வாயில் கொஞ்சம் கனமாக உட்காரும் தன்மையும் இதிலிருந்து வருகின்றன.

ஹாப்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். தாத்தாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வடக்கே ஜாடெட்ஸ் என்ற ஊருக்கு ஒரு ஆகஸ்ட் கடைசியில் போனபோது, பஸ் ஜன்னல் வழியே முதல் ஹாப்ஸ் தோட்டத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். கொடிக்கால்தான் அது. அகத்திக்குப் பதில் கம்பமும் கம்பியும், ஆள் உயரத்துக்குப் பதில் ஏழெட்டு மீட்டர். வரிசைக்கு நடுவே அதே பச்சை இருட்டு. தோட்டக்காரர் ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தார், சின்னப் பச்சைக் கூம்பு, எடையே இல்லை. பிளந்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள். உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். பிசுபிசுவென்று ஒட்டியது. முதலில் அறுத்த புல், பிறகு ஏதோ மூலிகை, கடைசியில் லேசாக மிளகு. சாயங்காலம் வரை கையை மோந்துகொண்டே இருந்தேன். 2023-இல் அந்த ஹாப்ஸ் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சொந்த ஊருக்கு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது.

இனி குடிப்பது. ஒரு வாய் நனைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒயினை உறிஞ்சுவது போல இதை உறிஞ்சக் கூடாது, நல்ல வாயாக மூன்று மடக்கு குடிக்க வேண்டும். குடிக்கும் முன் நுரை வழியாக மோந்து பாருங்கள், ஜாடெட்ஸ் ஹாப்ஸ் அங்கே இருக்கும். உதட்டில் முதலில் நுரை படும், அது மெத்தென்று இருக்க வேண்டும். பிறகு மால்ட்டின் இனிப்பு, தேன் தடவிய ரொட்டி அளவுக்குத்தான். அது நாக்கில் பரவும்போதே கசப்பு எழுந்து வரும். உங்களுக்குப் பிடிபடாமல் போன இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கசப்பு என்றதும் நாம் பாகற்காயை எதிர்பார்க்கிறோம், அது அடிநாக்கில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இந்தக் கசப்பு வேப்பம்பூ ரசத்தின் கசப்பைப் போல, வரும், தொண்டையைத் துடைக்கும், போய்விடும். போன இடம் காலியாக இருக்கும். அந்தக் காலிதான் அடுத்த வாய்க்குக் கை நீட்ட வைக்கிறது. பீரின் இந்தத் துடிப்புக்குச் செக் மொழியில் 'ர்ஜீஸ்' என்று ஒரு சொல் உண்டு, வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லாத பீரைச் செத்த பீர் என்றே கருதுவார்கள்.

சூட்டையும் கவனியுங்கள். ஊரில் ஐஸ் போலக் குடித்தோம், அந்தக் குளிரில் நாக்கு மரத்துவிடும், ருசி எங்கே தெரியும்? இங்கே ஏழெட்டு டிகிரியில் தருவார்கள். குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உட்புறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் நுரை ஒரு வளையத்தை விட்டுச் செல்ல வேண்டும். கிளாஸில் எண்ணெயோ சோப்போ ஒட்டியிருந்தால் வளையம் நிற்காது.

பெரிய ஆலையின் பீரைப் பழகிய பிறகு சிறு ஆலைக்குப் போங்கள், வித்தியாசம் அப்போதுதான் தெரியும். நம் ஊரிலேயே செர்னிட்செ பக்கம் புர்க்மிஸ்டர் இருக்கிறது, டிராலிபஸ்ஸில் போய்விடலாம். சிறு ஆலைகளின் லெஜாக் பெரும்பாலும் வடிகட்டாதது, சூடுபடுத்திக் கிருமி நீக்காதது. அதனால் லேசான மூட்டம் இருக்கும், குறை என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட் கொஞ்சம் தங்கியிருப்பதால் ரொட்டி வாசம் கூடும், வாயில் இன்னும் வழுவழுப்பாக இருக்கும். சிலவற்றில் வெண்ணெய் உருகும்போது எழும் வாசம் ஒரு இழை ஓடும். செக் பாணியில் அது ஒரு இழை வரை சரி. பாப்கார்ன் போல மூக்கில் ஏறினால் போதுமான நாள் படுக்கவைக்கவில்லை என்று அர்த்தம். சிறு ஆலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: இந்த மாதப் பன்னிரண்டும் போன மாதப் பன்னிரண்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்காது. ஒரு தடவை இனிப்பு தூக்கலாக, ஒரு தடவை கசப்பு நீளமாக. ஒரு மனிதரின் கை அதில் தெரிகிறது.

பச்சைப் பாட்டில் வாங்கி ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமெடுக்கும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் திரும்பாது.

பப்பு வழக்கம் கொஞ்சம்தான். உட்கார்ந்ததும் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை வட்டை உங்கள் முன் இழுத்து வையுங்கள், பீர் வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். சில இடங்களில் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் அட்டையைக் கிளாஸின் மேல் மூடிவிடுங்கள். சீட்டில் ஒரு கிளாஸுக்கு ஒரு கோடு போடுவார்கள். "நாஸ்த்ராவி" (நம் சியர்ஸ் மாதிரி) சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். பழைய கிளாஸில் மிஞ்சியதைப் புதியதில் ஊற்றாதீர்கள், அதை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை. தொட்டுக்கொள்ள எண்ணெயில் ஊறிய ஹெர்மெலின் சீஸ் கேளுங்கள். வெங்காயமும் மிளகாயும் சேர்த்து ஊறுகாய் மாதிரியே போட்டிருப்பார்கள், அந்த எண்ணெயை இந்தக் கசப்பு ஒரே வாயில் அறுக்கும். உத்தொபெனெட்ஸ் என்பது பன்றித் தொத்திறைச்சி, சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை பில்ஸ்னர் ஊர்க்வெல் ஆலையைச் சுற்றிப் பாருங்கள். கடைசியில் நிலவறைக்குக் கூட்டிப் போய், ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துக் கொடுப்பார்கள். ஜூலையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். செப்டம்பரில் புர்க்மிஸ்டர் முற்றத்தில் சிறு ஆலைகளின் திருவிழா நடக்கும், பெயர் 'கிளாஸுக்குள் சூரியன்'. அதற்கு நானும் வருவேன், வீட்டுக்காரரும் வருவார், எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். அதற்குள் இந்த வெள்ளிக்கிழமை ஒரு பன்னிரண்டை முழுதாகக் குடித்துவிட்டு, அந்தக் கசப்புக்கு உங்கள் ஊர்ப் பக்கம் என்ன சொல் இருக்கிறது என்று எழுதுங்கள். வேப்பம்பூ என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன், அது முழுதாகப் பொருந்தவில்லை.