எள், கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குக் கீரைப் பொடி

வணக்கம். எள்ளும் கோதுமையும் ஒவ்வாத உங்கள் மனைவிக்கு, கோதுமைப்புல் (கோதுமையின் இளம்பயிர்), ஸ்பைருலினா (ஒருவகைப் பாசி), புரோபயாட்டிக் (நன்மை தரும் நுண்ணுயிரிகள்) உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்த பச்சைப் பொடியை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. குளூட்டன் என்னும் புரதம் கோதுமை மணியில்தான் இருக்கிறது, இளம்புல்லில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அறுவடையில் மணி கலந்துவிட வாய்ப்புண்டு என்பதோடு, கோதுமையின் மற்றப் புரதங்களும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்பதால், ‘குளூட்டன் இல்லை’ என்ற முத்திரை அவருக்கு முழுப் பாதுகாப்பாகாது.

எள்ளில்தான் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒவ்வாமைப் பொருளாக உறையில் குறிப்பிடுவது கட்டாயம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளின் ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமை, பால், சோயா, நிலக்கடலை ஆகியவை உண்டு, எள் இல்லை. ஆகவே பொருள்பட்டியல் முழுவதையும் படித்துவிட்டு, அதே இயந்திரத்தில் எள் அரைக்கப்படுகிறதா என்று தயாரிப்பாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள் (இட்லிப் பொடியும் அரைக்கும் ஆலைகள் நம் ஊரில் அரிதல்ல). மழுப்பலான பதில் வந்தால் வாங்க வேண்டாம்.

முருங்கைக்கீரை அவருக்கு ஏற்கெனவே ஒத்துக்கொள்கிறது என்றால், அதையே நிழலில் உலர்த்தி வீட்டு மிக்ஸியில் பொடித்துக்கொள்ளலாம். வேறெதையும் புதிதாகத் தொடங்குமுன் ஒவ்வாமை மருத்துவரிடம் உறையைக் காட்டிவிடுங்கள்.