வார்ம்ப்ளூட் எண்டால் காய்ச்சல் இல்லை, தம்பி

தம்பி, ஜெர்மனியில வெர்டன் நகரத்துக்குக் கிட்ட ஒரு குதிரைப் பண்ணையில மூண்டு வருஷப் பயிற்சிக்கு வாறன் எண்டு எழுதியிருந்தீர். ஹனோவர், ஹோல்ஸ்டைன், ட்ராகேனர் எண்டு இஞ்ச சொல்லுற குதிரைச் சாதிப் பேருகளுக்குள்ள என்ன வித்தியாசம், குளிருக்கு என்ன உடுப்பு, வாடகை எவ்வளவு எண்டும் கேட்டிருந்தீர். உடுப்பும் வாடகையும் வந்து பாக்கலாம், எல்லாரும் சமாளிக்கினம். குதிரையை மட்டும் வரமுதல் விளங்கிக்கொள்ளும்.

நான் 1985இல கிழக்கு பெர்லின் வழியா வந்தவன். கீழ் சாக்சனியில ஒரு கிராமத்தில கொண்டுபோய் விட்டினம். வேலை அனுமதி கிடைக்கவே கனகாலம். கிடைச்ச முதல் வேலை லாயத்தில லத்தி அள்ளுறது. முதல் நாள் பொறுப்பாளர் ஒரு குதிரையைக் காட்டி "வார்ம்ப்ளூட்" எண்டார். சூட்டு ரத்தமாம், காய்ச்சலாக்கும் எண்டு கழுத்தில கைவைச்சுப் பாத்தன். லாயமே சிரிச்சது.

எல்லாக் குதிரைக்கும் உடம்புச் சூடு 38 பாகை அளவுதான். ரத்தம் எண்டு பேரில சொல்லுறது சாதியையும் குணத்தையும்தான். அரபுக் குதிரையும் இங்கிலீஷ் பந்தயக் குதிரையும் ஃபோல்ப்ளூட், சட்டெண்டு துள்ளும். பாரம் இழுக்கிற கனத்த சாதி கால்ட்ப்ளூட், ஆறுதலா நடக்கும். ரெண்டுக்கும் நடுவில வந்தது வார்ம்ப்ளூட். இங்கிலாந்து அரசனாயும் ஹனோவரின்ர ஆட்சியாளனாயும் இருந்த ரெண்டாம் ஜோர்ஜ் 1735இல செல்ல எண்ட ஊரில ஒரு பொலிகுதிரை நிலையம் துவங்கினவர். நல்ல பொலிகுதிரை வைச்சிருக்க வசதியில்லாத விவசாயிகளின்ர பெட்டைக்குதிரைகளுக்காகத்தான். வயலும் உழவேணும், வண்டியும் இழுக்கவேணும், சண்டை வந்தால் படைக்கும் போகவேணும். ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ட்ராக்டர் வந்தது, படைக்கும் குதிரை தேவைப்படேல்லை. பந்தயக் குதிரை ரத்தமும் ட்ராகேனர் ரத்தமும் கலந்து மெலிய வைச்சுத்தான் இண்டைக்குத் தடை தாண்டுற பாய்ச்சலுக்கும், நடையழகு காட்டுற ட்ரெஸ்ஸாஜ் போட்டிக்கும் ஓடுறதுகளை உண்டாக்கினவை.

இதில கவனமா இரும். ஹனோவர் எண்டுறது எந்தக் குதிரை வளர்ப்புச் சங்கத்தின்ர பதிவுப் புத்தகத்தில குட்டியைப் பதிஞ்சது எண்டதுதான். தகப்பன் ஹோல்ஸ்டைனா இருந்தாலும் குட்டி ஒல்டன்பேர்க் எண்ட வேற சங்கத்தின்ர புத்தகத்தில பதிஞ்சு ஒல்டன்பேர்க்கா இருக்கலாம். "இது சுத்த ஹனோவர்" எண்டு லாயத்தில வாய் விடாதையும், நான் விட்டு வாங்கிக்கட்டினனான். ட்ராகேனர் மட்டும் வேற. அந்தப் புத்தகம் மூடின புத்தகம், அரபும் பந்தயக் குதிரையும் மாதிரிச் சிலதைத்தான் உள்ள விடுவினம். அதை வைச்சிருக்கிற ஆக்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூட. முந்தி துடையில சுட்ட குறியைப் பாத்தே சொல்லிப்போடுவன்: எச் எழுத்து ஹனோவர், கிரீடம் வைச்ச ஓ ஒல்டன்பேர்க், எல்க் மான் கொம்பு ட்ராகேனர். இப்ப மயக்கமருந்து இல்லாமல் குறி சுடேலாது, கழுத்தில சிப்தான். எங்கட கண்ணுக்கு வேலை இல்லாமல் போச்சு.

பேரில ஒரு சூட்சுமம் இருக்கு. ஹனோவர்க் குட்டிக்குத் தகப்பனின்ர முதலெழுத்து, எங்கட இனிஷியல் மாதிரி. ட்ராகேனர்க் குட்டிக்குத் தாயின்ர எழுத்து. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போன இடத்தில எங்கட ஆக்கள் சிலருக்கு இதைச் சொன்னன். ஹோட்டலில சட்டி கழுவினவை என்னைப் பாத்து "லத்தி அள்ளுறவன்" எண்டு சிரிச்சினம். பிள்ளையள் வளந்த பிறகு அவையேதான் போன் எடுத்து, மகளுக்குச் சவாரி பழக்க ஏலுமோ எண்டு கேட்டவை. பழக்கினன், காசும் வாங்கினன்.

ரெண்டாவதா வேலை செய்த லாயம் ஒரு கிழவியின்ர. அப்ப ஜெர்மனிக்குள்ள இருந்த கிழக்கு பிரஷ்யாவில பிறந்தவ. ட்ராகேனர் எண்ட பேர் வந்த ட்ராகேனன் பண்ணை அங்கதான் இருந்தது, பிரெட்ரிக் வில்ஹெல்ம் அரசன் 1732இல துவங்கினது, இப்ப ரஷ்யாவுக்குள்ள. 1945 தையில சோவியத் படை வர, சனம் குதிரை வண்டிலில சாமானை ஏத்திக்கொண்டு உறைஞ்ச கடலேரிக்கு மேலால ஓடினது. சில இடத்தில ஐஸ் உடைஞ்சு வண்டிலோட தண்ணிக்குள்ள தாண்டது. அவ அப்ப ஒன்பது வயசுப் பிள்ளை. ஏன் வந்தனீ எண்டு இஞ்ச எல்லாரும் என்னைக் கேட்டவை. எந்தப் பாதையால வந்தனீ எண்டு கேட்டது அவ ஒருத்திதான். சொல்லச் சொல்ல ஒரு பெட்டைக்குதிரையின்ர பிடரியைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டு நிண்டவ.

என்னத்தையோ சொல்ல வந்து எங்கயோ போட்டன். உம்மட ஊர் நெடுந்தீவு எண்டும் எழுதியிருந்தீர். மட்டக்குதிரையளைப் பாத்து வளந்தது நல்லதுதான், ஆனால் அதை நம்பி இஞ்ச பின்பக்கமா போகாதையும். இதுகள் அறுநூறு கிலோ வரும். ஞாயிற்றுக்கிழமை "கொஞ்சம் உதவி" எண்டு கூப்பிட்டால் சம்பளம் எவ்வளவு எண்டு முதல் கேளும். என்ர முதல் லாயத்தில எட்டு மாசம் ஞாயிறு ஞாயிறா சும்மா வேலை செய்தன். இரும்பு முனை வைச்ச சப்பாத்து வாங்கும். என்ர இடது பெருவிரல் நகம் ஒரு ஒல்டன்பேர்க்கின்ர குளம்புக்குக் கீழ போனது, இண்டைக்கும் நேரா முளைக்கேல்லை.